கிளினிக் கொப்பியில் நான் எழுதிய வரி

எங்கள் தெருவுக்கு ஆங்கிலம் பெரும்பாலும் நோயோடுதான் வரும். சவூதியிலிருந்து வரும் கடிதங்கள் தமிழில் இருக்கும். பள்ளியிலிருந்து வரும் அறிவித்தல்களும் தமிழில் இருக்கும். டொக்டர் மருந்து எழுதும் ஆஸ்பத்திரிக் கொப்பி மட்டும் ஆங்கிலம். கிளினிக் நாளன்று பின்னேரம் இரண்டு மூன்று பெண்கள் முக்காட்டுக்குள் கொப்பியைச் சுருட்டிப் பிடித்தபடி எங்கள் வாசலுக்கு வருவார்கள். நான் பெண்கள் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அதனால் டொக்டர் எழுதியதை வாசித்துச் சொல்வதும் என் வேலை என்று ஆகிவிட்டது. யாரும் அதை என்னிடம் ஒப்படைக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

அந்தக் கொப்பிகளை வாசித்துத்தான் ஒன்றை நிறுத்துவதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள் இருக்கின்றன, எது எப்போது வரும் என்று எனக்குப் பிடிபட்டது. 'ஸ்டொப்' என்று எழுதிக் கீழே கோடிழுத்திருந்தால் அந்த மருந்தோடு உறவு முடிந்தது. 'ஒமிட்' என்றால் இப்போதைக்கு விட்டுவை, அடுத்த முறை பார்ப்போம். 'வித்ஹோல்ட்' என்று வந்தால் டொக்டருக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, இரத்தச் சோதனை வரும்வரை கொடுக்காதே என்கிறார். 'டெய்ல் ஓஃப்' எனக்குப் பிடித்த சொல். ஒரேயடியாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் இல்லாமலே ஆக்குவது. யாரோ ஒருவரைக் கைபிடித்துப் படியிறக்குவது போன்ற சொல் அது.

வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசங்களை விளக்குவது எளிதல்ல. ஒரு முறை பக்கத்து வளவு ராத்தாவின் பிரஷர் கொப்பியில் ஒரு மருந்துக் குளிசைக்கு எதிரே 'ஒமிட், இரண்டு கிழமை' என்று இருந்தது.

"நிப்பாட்டட்டாம் ராத்தா. ரெண்டு கிழமைக்கு மட்டும்."

"நிப்பாட்டினா நிப்பாட்டினதானே. அதென்னகா ரெண்டு கிழமைக்கி நிப்பாட்டுற?"

"நோம்பு மாதிரி எண்டு வைங்களே."

"அப்ப பெருநாளைக்கித் திண்ணலாம்" என்று கூட வந்தவள் சொல்ல, வாசலில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதெல்லாம் அந்தச் சொற்கள் பிறருடைய உடம்புகளைப் பற்றியவை.

அதே நாட்களில் எட்டாம் வகுப்புக்கும் அதே பாடம் வந்தது. கரும்பலகையில் ஐந்து சொற்களை எழுதினேன். 'ஹோல்ட்' என்பதை விளக்க வேண்டியிருக்கவில்லை. காரைதீவுச் சந்தியைத் தாண்டிப் போகும் எவருக்கும், நில் என்று இராணுவம் அந்தச் சொல்லை எழுதி நட்ட பலகை தெரியும். சென்றி என்ற அந்தச் சோதனைச் சாவடியில் பஸ் நிற்கும், எல்லோரும் இறங்குவார்கள், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடப்பார்கள், அந்தப் பக்கம் போய் மீண்டும் ஏறுவார்கள். ஹோல்ட் என்பது காலுக்குச் சொல்லப்படுவது, போகச் சொன்னால் போகலாம் என்றேன். 'சீஸ்' என்று நான் எழுதியதும் ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள்.

"அது ரேடியோவில வாற சொல்லு டீச்சர்."

உண்மைதான். அந்த மாதங்களில் காலைச் செய்தியிலும் மாலைச் செய்தியிலும் அந்தச் சொல் 'சீஸ்ஃபயர்' என்ற நீண்ட வடிவத்தில் வந்துகொண்டிருந்தது. தமிழ்ச் செய்தியில் போர்நிறுத்தம் என்றார்கள்.

"டீச்சர், அப்ப சண்ட நிண்டிட்டா, இல்லாட்டி நிக்கிற மாதிரி இரிக்கா?"

வகுப்பு சிரித்தது. எழுதுங்கள் என்றேன். 

சண்டை நின்றிருந்தது என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். மாவடிப்பள்ளிப் பக்கம் வயலுக்குப் போனவர்கள் இருட்டும்வரை நின்று வந்தார்கள். சென்றியில் பஸ்ஸை விட்டு இறங்கத் தேவையில்லாத நாட்கள்கூட இருந்தன. மட்டக்களப்பிலிருந்து குழந்தை டொக்டர் மாதம் ஒரு முறை தவறாமல் வந்தார். அவர் வருவதுதான் எனக்கு முக்கியம். என் மகள் அவரிடம் மருந்து எடுக்கும் பிள்ளை.

மகளுக்கு ஒரு வயதில் வலிப்பு வந்தது. முதலில் காய்ச்சலோடு வந்தது, பிறகு காய்ச்சல் இல்லாமலும் வந்தது. கண் மேலே போகும், வலது கை துடிக்கும், உதடு நீலமாகும். மூன்றாவது முறைக்குப் பிறகு டொக்டர் சின்ன வெள்ளைக் குளிசை ஒன்றைத் தொடங்கினார். இரவில் இரண்டு. நசுக்கித் தேனில் குழைத்துக் கொடுப்பேன். அதன் பிறகு இரண்டு வருடங்களுக்கு மேல் வலிப்பு வரவில்லை. அவளுக்கு மூன்றரை வயதானபோது டொக்டர் கொப்பியை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, இனி நிறுத்தலாம் என்றார்.

மூன்று மாதங்களில் டெய்ல் ஓஃப், பிறகு ஸ்டொப். அப்படித்தான் எழுதினார். அதற்குக் கீழே, திடீரென்று நிறுத்தக் கூடாது என்று எழுதி இரண்டு கோடுகள் இழுத்தார். பேனையால் அந்தக் கோடுகளைத் தட்டிக் காட்டினார்.

"டீச்சர்தானே, வாசிப்பீங்க. இந்தக் குளிசைய ஒரேயடியா நிப்பாட்டினாத்தான் ஆபத்து. அப்படி நிப்பாட்டி வாற வலிப்பு லேசில அடங்காது. மெதுவா இறங்கினாப் பயமில்ல."

முதல் மாதம் ஒன்றரை, இரண்டாம் மாதம் ஒன்று, மூன்றாம் மாதம் அரை. வழமையாக ஒரு மாதத்துக்கு மட்டுமே கிடைக்கும் குளிசையை அன்று மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். ரோட்டை நம்ப ஏலாது என்றார். தொண்ணூறு குளிசைகள் இரண்டு காகித உறைகளில் வந்தன. அது வலிப்பு தீர்ந்ததற்கான சான்றிதழ் போல என் கையில் இருந்தது.

என் கணவர் கமநல நிலையத்தில் கிளார்க். ஒழுங்கு பிடித்தவர். சுவரில் தொங்கிய கலண்டரில் மூன்று மாதங்களுக்கும் பென்சிலால் ஒன்றரை, ஒன்று, அரை என்று எழுதினார். ஒவ்வொரு நாளும் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு ஒரு சரி போடுவார்.

முதல் மாதத்தில் வீட்டுக்குள் புதுப் பிள்ளை ஒன்று வந்தது. மகள் விடியற்காலையிலேயே எழும்பினாள். கோழிக்கு ஏன் பல் இல்லை, கடல் ஏன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டாள். கேள்விகளுக்கு முடிவில்லை.

"இது இவ்வளவு காலமும் எங்ககா இருந்த?" என்று கணவர் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார். "ஒங்கட மகளத்தான் மருந்து ஒளிச்சி வெச்சிருந்திரிக்கி."

நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் அவளுடைய ஒவ்வொரு துள்ளலையும், ஒவ்வொரு கண் சிமிட்டலையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் பார்த்தால் எதுவும் கண்ணில் படத்தான் செய்யும்.

இரண்டாம் மாதத்தின் பத்தாம் நாள் அது பட்டது. அவள் குசினிப் படியில் உட்கார்ந்து சீனி தடவிய பாண் தின்றுகொண்டிருந்தாள். மெல்லுவது நின்றது. வாய் பாதி திறந்திருந்தது. கண் சுவரில் இருந்தது. நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மீண்டும் கூப்பிட்டேன். மூன்றாவது முறை என்னைப் பார்த்து, "என்னம்மா?" என்றாள். பிறகு மென்றாள்.

அது எத்தனை வினாடி நீடித்தது என்று பிறகு எத்தனையோ முறை மனதுக்குள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். சில நாட்களில் ஐந்து வருகிறது. சில நாட்களில் இருபது வருகிறது. சுவரில் ஒரு பல்லி இருந்ததா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

அன்று நான் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு குளிசைகளை நசுக்கினேன். ஒரு நாளைக்கு மட்டும் என்று எண்ணிக்கொண்டேன். மறுநாள் ஒன்றாகக் குறைக்கப் பயமாக இருந்ததால் தொடர்ந்து இரண்டே கொடுத்தேன். கணவர் பென்சிலோடு கலண்டருக்கு முன்னால் நின்று கேட்டார்.

"ஒண்டுதானே குடுத்த?"

"ஓம். ஒண்டுதான்."

ஏன் சொல்லவில்லை என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. சொன்னால், நீ சும்மா பயப்படுகிறாய் என்பார். ஒருவேளை அது சரியாக இருந்துவிடும். அல்லது, டொக்டர் சொன்னதை ஏன் மீறினாய் என்பார். அதுவும் சரி. அடுத்த கிளினிக்கில் டொக்டரிடமே நேராகச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அதற்கு இன்னும் இரண்டரைக் கிழமை இருந்தது. அவர் திட்டுவார், பிறகு எது சரி என்று சொல்வார். நான் செய்வேன். எனக்குச் சொல்லப்பட்டதைச் செய்யத் தெரியும்.

அந்தக் கிளினிக் நடக்கவில்லை. ஒரு காலை ரேடியோவில் அந்த நீண்ட சொல் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு செய்திகள் வந்தன. பின்னேரம் சென்றியில் மணல் மூட்டைகளை இன்னும் இரண்டு வரிசை உயர்த்தினார்கள். மட்டக்களப்பு ரோட்டைப் பூட்டிவிட்டார்கள். கிளினிக் கதவில், குழந்தை வைத்தியர் மறு அறிவித்தல்வரை வரமாட்டார் என்று ஒட்டியிருப்பதாக ராத்தாதான் வந்து சொன்னாள்.

அன்றுதான் நான் உறையைத் தட்டில் கொட்டினேன். ஆறு குளிசைகள் இருந்தன. மூன்று நாளுக்குத்தான் காணும்.

படிப்படியாக இறக்கத் தந்ததை நான் மீண்டும் மேலே ஏறி நின்று செலவழித்திருந்தேன். இப்போது மகள் முழு அளவில் இருக்கிறாள். மூன்று நாளில் கையில் ஒன்றும் இராது. டொக்டர் இரண்டு கோடு போட்டு எதைச் செய்யாதே என்றாரோ, அதை என் பயமே அவளுக்குச் செய்யப் போகிறது. இருக்கிற ஆறையும் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தாலும் ஒரு கிழமைகூட வராது.

மறுநாள் பாடசாலையில் அரை நாள் லீவு போட்டேன். மகளை எங்களோடு இருக்கும் உம்மாவிடம் விட்டுவிட்டு, பல் வலி என்று சொல்லிக் கொப்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சென்றியில் எல்லோரும் இறங்கி நடந்தோம். பெண்களின் பைகளையும் அன்று கொட்டிப் பார்த்தார்கள். மருந்து கொண்டு போகிறவர்களிடம் டொக்டர் எழுதிய துண்டு கேட்டார்கள். எனக்கு முன்னால் போன ஆளிடமிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டார்கள். அவர் வெறுங்கையோடு நடந்தார்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்தவர் கொப்பியை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்து ஆள்தான். வயது போனவர்.

"மூணு மாசத்துக்கும் குடுத்திரிக்கே தங்கச்சி. இன்னும் ஒரு மாசத்துக்கு மேல கையில இரிக்கோணும். எங்க?"

"தண்ணி பட்டுக் கரைஞ்சி பெய்த்து."

"எல்லாமா?"

"ஓம்."

"இது மத்தக் குளிசை மாதிரி இல்ல. ஒவ்வொண்டுக்கும் நான் பதில் சொல்லோணும். எழுத்து இல்லாமத் தர ஏலா."

"டொக்டர் எப்ப வருவார்?"

"அத ரேடியோக்கிட்டத்தான் கேக்கோணும்."

வெளிநோயாளர் பகுதியில் ஒரே ஒரு டொக்டர்தான் இருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வரிசையில் நின்றேன். பதினொரு மணியளவில் இரண்டு வாகனங்கள் வந்தன. காயப்பட்டவர்களைத் தூக்கி இறக்கினார்கள். டொக்டர் எழும்பி உள்ளே போனார். கதவைச் சாத்திவிட்டார்கள். வரிசையில் இருந்த ஒருத்தி மற்றவளிடம், "எந்தப் பக்கத்து ஆக்களாம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.  நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை கதவு திறக்கவில்லை. இரண்டு மணிக்குப் பிறகு பஸ் இல்லை என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். வரிசை கலைந்தது.

நான் விறாந்தை மர வாங்கில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தேன்.

பையில் நீலப் பேனை இருந்தது. டொக்டரும் நீலத்தில்தான் எழுதியிருந்தார். திகதியைப் போட்டேன். பிறகு, நிறுத்த வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். இரவில் இரண்டு, ஒரு மாதத்துக்கு. என் எழுத்து டீச்சர்மாரின் எழுத்து, உருண்டையாக இருக்கும். அதை இழுத்துக் கெடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடம் டொக்டர்மாரின் கிறுக்கலை வாசித்த கைக்கு அது தானாக வந்தது.

எழுதியதைப் பார்த்தபோது, காரணம் இல்லாமல் எந்த டொக்டர் இப்படி எழுதுவார் என்று தோன்றியது. திகதிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. வலிப்பு மீண்டும் வந்தது என்று அதில் சேர்த்தேன். பிறகு ஒரு கையொப்பம் போலக் கிறுக்கினேன்.

நிறுத்த வேண்டாம் என்று எழுதியதை என்னால் ஒருவாறு மன்னிக்க முடிகிறது. அந்தக் கடைசி மூன்று சொற்கள்தான். அவை இல்லாமலே அவர் மருந்து தந்திருக்கவும் கூடும்.

ஜன்னலில் இருந்தவர் அந்த வரியை நீண்ட நேரம் பார்த்தார்.

"எப்ப எழுதின?"

"இப்பதான். வாட்டில வெச்சி எழுதித் தந்தார்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அறுபது குளிசைகளை எண்ணிக் கொண்டுவந்தார்.

"இந்தா. தண்ணி படாம வைங்க."

வீட்டில் கணவரிடம் பாதி உண்மையைச் சொன்னேன். பிள்ளை ஒரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஆஸ்பத்திரியில் சொன்னேன், பழையபடி இரண்டு கொடுக்கச் சொன்னார்கள் என்றேன். அவர் பயந்துபோனார். "டொக்டர் சொன்னாச் சரிதான். நல்ல வேள, நீ பாத்த" என்றார். கலண்டரில் மிச்சமிருந்த ஒன்றுகளையும் அரைகளையும் அழிறப்பரால் அழித்தார். நல்ல வேளை நான் பார்த்தேன் என்ற அந்தச் சொல்லை அவர் உறவுக்காரர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ரோட்டு மீண்டும் திறக்க மாதங்கள் ஆயின. வந்தவர் புது டொக்டர். என் வரியை வாசித்து உதட்டைப் பிதுக்கினார். மருந்தைக் குறைக்கும்போதே வலிப்பு திரும்பியிருக்கிறது, இனி அவசரப்பட முடியாது என்றார். முந்தின மருந்தையே தொடரவும் என்று டொக்டர்மார் மூன்று எழுத்தில் சுருக்கி எழுதுவார்கள். அதை எழுதினார். நான் வாயைத் திறக்கவில்லை. வலிப்பு உண்மையாகவே வந்திருந்தால் அவர் சொன்னது சரி. நான் பார்த்தது வலிப்புத்தானோ என்னவோ. அப்படியானால் நான் எழுதியது பொய்யில்லை. இப்படி ஒரு கிளினிக்குக்கு ஒரு நியாயம் எனக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அவர் மாறிப் போனார். இன்னொருவர் வந்தார். அவரும் அதே மூன்று எழுத்தை எழுதினார். பிறகு வேறொருவர். கொப்பி நிறைந்தபோது புதுக் கொப்பியின் முதல் பக்கத்தில் தாதி மிஸ்ஸி ஒருத்தி பழைய விவரங்களைச் சுருக்கிப் பிரதி செய்தாள். மருந்தை நிறுத்த முயன்றபோது வலிப்பு மீண்டது என்று அவளுடைய அழகான கையெழுத்தில் இருந்தது. இப்போது அது என் எழுத்துக்கூட இல்லை.

மகள் மீண்டும் அமைதியானாள். காலையில் இரண்டு முறை எழுப்ப வேண்டும். கேள்விகள் குறைந்தன. ஒன்றாம் வகுப்பில் சேர்த்து ஆறு மாதம் ஆனபோது அவளுடைய டீச்சர் என்னை ஆசிரியர் அறையில் தனியாகக் கூப்பிட்டாள்.

"கோவிக்காதீங்க டீச்சர். மகள் பாடம் நடக்கக்குள்ள தூங்குறா. எழுப்பினா முழிச்சிப் பாக்கிறா. 'அ' எழுதச் சொன்னா பாதியில நிண்டிருது."

"மருந்து குடிக்கிறாதானே."

"எனக்குத் தெரியும். அதான் கேக்கிறன், அத எப்ப நிப்பாட்டுவாங்க?"

டொக்டர்தான் சொல்ல வேண்டும் என்றேன். வகுப்புக்குப் போகும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். பிள்ளை இயல்பிலேயே மந்தமா, நான் மந்தமாக்கியதா? முதல் மாதத்தில், கோழிக்கு ஏன் பல் இல்லை என்று கேட்ட பிள்ளை யார்?

தெருப் பெண்களின் கொப்பிகளை வாசிப்பதையும் அந்த வருடம் விட்டேன். ராத்தா கொண்டுவந்த கொப்பியில் ஸ்டொப் என்று தெளிவாகவே இருந்தது. என் வாயில் அந்தச் சொல் வரவில்லை. டொக்டரிடமே கேளுங்கள் என்றேன். "டீச்சருக்கு இங்கிலீசு மறந்து பெய்த்து" என்று அவள் கேலி செய்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சுகமில்லயாகா?" என்று கேட்டாள்.

டீச்சர் சொன்னதைக் கணவரும் அறிந்தார். இந்த முறை நானும் வருகிறேன் என்று லீவு போட்டார். மூன்று பேரும் போனோம்.

கிளினிக்கில் ஒரு பெண் டொக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. மற்றவர்கள் போலக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறக்காமல் முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். பழைய கொப்பி இருக்கிறதா என்று கேட்டார். கணவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் எதையும் எறிகிறவர் இல்லை.

"இந்த வலிப்பு, மருந்தைக் குறைக்கேக்க வந்தது, எந்தப் பக்கம் துடிச்சது?"

இத்தனை வருடங்களில் யாரும் கேட்காத கேள்வி.

"வலப் பக்கம்" என்றேன். முன்பு வந்தவை வலப் பக்கம்தான்.

"எவ்வளவு நேரம் இருந்தது?"

"கொஞ்ச நேரம்."

"ஆர் அதைப் பாத்து இதை எழுதினது? இந்தக் கையெழுத்து ஆற்றையெண்டு விளங்கேல்லை. அந்த மாதம் இஞ்சை குழந்தை டொக்டர் இருக்கேல்லையே."

கணவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பதிலாக அவரே சொல்ல வாயெடுத்தார். "வெளிநோயாளர்ல இருந்த டொக்டர்..." என்று தொடங்கினார். அவர் என் பொய்யைத் தன் வாயால் சொல்வதைக் கேட்க முடியவில்லை. மகள் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். காலை பத்து மணி.

"நான்தான் எழுதின" என்றேன். "வலிப்பு வரல்ல. வந்தமாதிரி இருந்திச்சி. எனக்குத் தெரியா."

 டொக்டர் பேனையை மூடி வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாண் துண்டு, இரண்டு குளிசைகள், தட்டில் கொட்டிய ஆறு, வாங்கு, நீலப் பேனை. சொல்லச் சொல்லக் கணவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அப்ப மூண்டு வருசமாக் காரணமில்லாமக் குடுத்திருக்கிறமோ, காரணத்தோடையோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் டொக்டர். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "இப்ப இறக்கினால் வலிப்பு வரலாம், வராமலும் விடலாம். இறக்காமலும் விடேலாது, பிள்ளை படிக்கோணும். இந்த முறை ஆறு மாதம் எடுப்பம். வீட்டில ஒரு மாற்றமும் செய்யக் கூடாது. என்ன கண்டாலும் என்னட்டை வாங்கோ."

பிறகு அவர் என்னை விட்டுவிட்டுக் கணவரின் பக்கம் திரும்பினார்.

"இப்ப நான் என்ன சொன்னனான்? நீங்கள் சொல்லுங்கோ."

கணவர் பாடம் ஒப்புவிக்கும் பிள்ளை போல ஒவ்வொரு மாதத்து அளவையும் திருப்பிச் சொன்னார். இடையில் ஒரு முறை பிழைத்தார். டொக்டர் திருத்தி, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். எனக்கு எல்லாம் நினைவிருந்தது. யாரும் என்னிடம் கேட்கவில்லை. டொக்டர் கொப்பியையும் கணவர் கையில்தான் கொடுத்தார்.

திரும்பும்போது சென்றியில் இறங்கி நடந்தோம். அவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு இரண்டு அடி முன்னால் நடந்தார். பஸ்ஸில் ஏறுவதற்கு முன் திரும்பாமலே கேட்டார்.

"அண்டைக்கி எனக்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிரிப்பன்?"

"தெரியா."

"எனக்கும் தெரியா" என்றார். மகளை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். ஏசவில்லை.

இதை எழுதும்போது நான்காவது மாதம் நடக்கிறது. குளிசைகளை அவர்தான் வைத்திருக்கிறார், அவர்தான் கொடுக்கிறார். கந்தோரிலிருந்து வந்ததும், "இண்டைக்கி ஒண்டும் இல்லயே?" என்று என்னிடம் கேட்பார். இல்லை என்பேன். சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய் உம்மாவிடமும் மகளிடமும் கேட்பார். மகள் இப்போது வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள். கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். அவள் குரல் உயரும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமும் நடுக்கமும் ஒன்றாக வருகின்றன.

இன்று காலை தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்திருந்த அவள் கை இரண்டு முறை வெட்டியது. தேத்தண்ணி சட்டையில் சிந்தியது. அவள் சிரித்தாள். அப்போது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

இந்த முறை காத்திருக்கவில்லை. முற்றத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் துணியைக் கீழே வைத்தார். 

"நீ பாத்தியா, பயந்தியா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பார்த்தேன் என்றேன். என் காதுக்கே அது எழுதிக் கொடுத்ததை வாசிப்பது போலக் கேட்டது.

அவர் உள்ளே போய் மகளை மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய வலது கையைத் தன் கைக்குள் பொத்திப் பிடித்தபடி அரை மணித்தியாலம் இருந்தார். கை அசையவில்லை. கந்தோருக்குப் போகவில்லை. நாளைக்குத்தான் கிளினிக். ஆறரை பஸ்ஸுக்குப் போக வேண்டும். அதுவரை இருவரும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவர் ஒரு பக்கத்திலிருந்து, நான் ஒரு பக்கத்திலிருந்து.